சீமைக்கருவேலம் மழையை விரட்டுகிறதா?

விருதுநகர் மாவட்டத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் எல்லாம் பழி ஒரே மரத்தின் மீது விழுகிறது. சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை இலைவழியே உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் மேகம் கூடுவதில்லை, கூடிய மேகமும் கலைந்து போகிறது என்று சொல்லப்படுகிறது. சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து டீக்கடைகளில் இது பேச்சு. கிராமசபைக் கூட்டத்தில் இது தீர்மானத்துக்குக் காரணம். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் குழந்தைகள் இதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கைப்பேசிச் செய்திகளில் அறிவியல் முலாமும் பூசப்பட்டுவிட்டது. இந்தக் கூற்று தவறு. அரைகுறை உண்மை என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனெனில் நீர் போகும் திசையையே இது தலைகீழாகச் சொல்கிறது.

மரங்கள் வேர்வழியே மண்ணிலிருந்து நீரை எடுத்து, இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேற்றுகின்றன. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். எட்டாம் வகுப்பு மாணவர் அறிந்த பாடம் இது. இலைக்கு உள்ளே இருக்கும் காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 100 விழுக்காடு. வெளியே சிவகாசியின் கோடை நண்பகலில் அது 50 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஈரம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஆவி நகரும். ஈரத்துணி வெயிலில் காயுமே தவிர, காய்ந்த காற்றிலிருந்து நனையாது. சீமைக்கருவேலம் இந்த இயற்பியலுக்கு விலக்கான மரம் அல்ல. பனியோ தூறலோ இலைமேல் படிந்து நீராக நிற்கும்போது சில தாவரங்கள் அதில் சிறிதளவை உள்வாங்குவதுண்டு. அது இலையில் படிந்த நீரே தவிர, வானத்து மேகம் அல்ல.

அளவைப் பார்த்தால் கூற்று இன்னும் சரிகிறது. பருவமழைக் காலத்தில் தென்தமிழகத்தின் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலுள்ள காற்று முழுவதிலும் சுமார் 40 முதல் 50 கிலோ வரை நீராவி இருக்கும். அப்படியானால் ஒரு ஹெக்டேருக்கு மேலே 4 லட்சம் லிட்டருக்கும் அதிகம். அந்தக் காற்றும் அங்கேயே நிற்பதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலே, ஒரு ஹெக்டேர் அகலத்தை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். பின்னால் வருவது புதுக்காற்று, புது ஈரம். பல கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவிக் கிடக்கும் இந்த ஈரத்தை முள்மரக் கூட்டம் ஒன்று குடித்துத் தீர்க்கிறது என்று சொல்பவர்கள், சொல்வதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தின் வறட்சிக்கு மேற்கே நிற்கும் மலையும் கிழக்கே கிடக்கும் கடலும் விடை சொல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கத்திலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. கேரளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. மலையைத் தாண்டி இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இறங்கும் காற்று சூடேறி, உலர்ந்து வருகிறது. இதுவே மழைமறைவு. இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. அந்த மழையைக் கொண்டுவருவன வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தது. அவை வடக்கே ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிட்டால் இங்கே வானம் வெறிச்சோடும். பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலைகூட இதில் பங்கு வகிக்கிறது. அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது. கண்மாய்க்கரை மரத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர்தான். மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. சீமைக்கருவேலத்தின் மீதான கோபம் உச்சத்துக்குப் போனது இதையடுத்துத்தான். 2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றும் பணியை முடுக்கிவிட்டது. அதே ஆண்டிலேயே அந்தப் பணிக்கு இடைக்காலத் தடை வந்து, வல்லுநர் கருத்து கேட்கப்பட்டது. அந்த 2016-ஐவிடவும் குறைவாக மழை பெய்த ஆண்டு ஒன்று பதிவேட்டில் உண்டு. அது 1876, தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. சென்னை மாகாணமே செத்து விழுந்த அந்தப் பஞ்சம் தொடங்கியபோது சீமைக்கருவேலம் இந்த மண்ணில் இல்லை. மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தின் விதைகள் கடப்பை மாவட்டக் கமலாபுரத்துக்கு வந்து சேர்ந்தது 1877-இல். மரம் வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே மழை இந்த அளவுக்குப் பொய்த்திருக்கிறது என்றால், மழையை விரட்டியது யார்?

மறுபக்கச் சான்றும் வெகு தொலைவில் இல்லை. 2021-இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 59 விழுக்காடு கூடுதல். நான்கே ஆண்டுகளில் மரம் ஒழிந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. வைப்பாறு கடலில் கலக்கும் மாவட்டம் அது. உப்பளம் ஓரமும் தேரி ஓரமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மாவட்டம். அந்த மரங்கள் ஒரு சொட்டையும் தடுத்து நிறுத்தவில்லை.

கேரளத்தில் இந்த மரம் அரிது, அங்கே மழை கொட்டுகிறது, ஆகவே மரமே காரணம் என்ற வாதம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறது. கட்ச் பகுதியின் பன்னி புல்வெளி, ராஜஸ்தான், எத்தியோப்பியாவின் அஃபார், கென்யாவின் பாரிங்கோ என்று இம்மரம் பரவிய இடங்கள் எல்லாமே முன்னமே வறண்டவை. மற்ற மரங்கள் தவிக்கும் உவர்மண்ணிலும் கரம்பிலும் இதனால் தாக்குப்பிடிக்க முடிகிறது. வறட்சி இருக்கும் இடத்துக்கு இது வந்ததே தவிர, வறட்சியைக் கொண்டுவரவில்லை.

இந்தப் பேச்சுக்கு ஒரு வெளிநாட்டு வேர் இருக்கக்கூடும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் தாமரூகோ என்ற உறவு மரம் வளர்கிறது. மழையே இல்லாத இடத்தில் அது உயிர்வாழ்வதால், மூடுபனியை இலைகள் உறிஞ்சுவதாக 1960-களில் ஆய்வாளர் சிலர் கருதினர். பின்னர் அளந்து பார்த்தவர்கள், ஆழத்து நிலத்தடி நீரே அதற்கு ஆதாரம் என்று காட்டினர். முதல் செய்தி கடல் தாண்டிப் பரவியது, திருத்தம் பரவவில்லை.

பிற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. காமராசர் ஆட்சியில்தான் இம்மரம் நாட்டுக்குள் வந்தது என்பார்கள். விருதுநகரில் அவர் பிறந்தது 1903-இல், மரம் வந்து 26 ஆண்டுகள் கழித்து. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பிற்கால அரசுகள் இதைப் பரப்பியது உண்மை, அது வேறு செய்தி. இதில் பறவை அண்டாது என்பார்கள். கூந்தன்குளத்திலும் இராமநாதபுரத்துக் கண்மாய்களிலும் நாரைகளும் கொக்குகளும் இதன்மேல் கூடு கட்டுகின்றன. இதன் நெற்று கால்நடைகளை மலடாக்கும் என்பார்கள். நெற்றை அளவாகத் தீவனத்தில் கலக்கலாம் என்பதை ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்திருக்கிறது. அதையே முழு உணவாகத் தின்னும் மாடுகளுக்குத் தாடை நரம்பு பாதிப்பு வருவதுண்டு, எச்சரிக்கை அதற்குத்தான் வேண்டும். பட்டாசுப் புகை மழையைத் தடுக்கிறது என்பதும் அவ்வப்போது காதில் விழுகிறது. சிவகாசியில் பட்டாசு செய்யப்படுகிறது, வெடிப்பது நாடெங்கும். தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழையின் மடியில், பல ஆண்டுகள் அன்றே மழை கொட்டியிருக்கிறது. மேகத்துளி உருவாவதற்கே நுண்துகள் தேவை. பட்டாசு வேதிப்பொருள்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது தொழிலாளரின் நுரையீரலுக்காக. பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் விதித்த தடை காற்று மாசையும் உடல்நலத்தையும் முன்னிட்டு வந்தது, மழைக்காக அல்ல. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோதே இந்த மண் வறண்ட மண்தான். மருந்தும் குச்சியும் வெயிலில் காய்வதற்கு அந்த வறட்சிதான் உதவியது.

இவ்வளவும் சொன்னதால் சீமைக்கருவேலம் குற்றமற்றது என்று ஆகிவிடாது. அதன் தீங்கு தரையில் நடக்கிறது. அரிசோனாவின் சுரங்கம் ஒன்றில் இதன் உறவு மரம் ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அஃபார் பகுதியில் இம்மரக் காடுகள் ஆண்டுக்கு 300 கோடி கன மீட்டருக்கும் அதிகமான நீரை நீராவியாக வெளியேற்றுவதாக 2021-இல் வெளியான ஆய்வு, மரத்தண்டில் நீரோட்டத்தை அளந்து மதிப்பிட்டது. அந்த நீர் வானத்திலிருந்து பறிக்கப்பட்டது அல்ல, மண்ணிலிருந்து வானத்துக்குப் போனது. விருதுநகரின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். பாறை வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும், அதுவும் கண்மாய் நிறைந்தால்தான் ஊறும். அப்படிப்பட்ட இடத்தில் கண்மாயின் உள்வாயில் ஆயிரக்கணக்கில் நிற்கும் மரங்கள் உண்மையான இழப்புதான். வரத்துக்காலில் முளைத்தவை வண்டலைப் பிடித்து நீரை மறிக்கின்றன. மடையிலும் கலுங்கிலும் முளைத்தவை கட்டுமானத்தைப் பிளக்கின்றன. உதிரும் இலைகள் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. நாட்டுக்கருவேலமும் உடைமரமும் நின்ற இடங்கள் சுருங்கிவிட்டன.

பொய்யான குற்றச்சாட்டு இங்கேதான் பெருங்கேடு செய்கிறது. மழையை மரம் விரட்டுகிறது என்று நம்பிவிட்டால், பெய்த மழை எங்கே போனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். 800 மில்லிமீட்டர் சிறிய அளவல்ல. அந்த அளவை நம்பித்தான் முன்னோர் ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி வெட்டி வைத்தார்கள். இன்று அந்த வரத்துக்கால்கள் பல ஊர்களில் வீட்டுமனையாகவும் குப்பைமேடாகவும் மாறியிருக்கின்றன. விருதுநகர் நகரத்தின் கழிவுநீர் கௌசிகா நதி வழியாகக் குல்லூர்சந்தை அணைக்குப் போகிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழம் கூடுகின்றன. இவற்றுக்கு மனிதர்கள் பதில் சொல்ல வேண்டும். மரம் பதில் சொல்லாது என்பதால் அதன்மீது எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது வசதியாக இருக்கிறது. இது வெட்கப்பட வேண்டிய வசதி.

நீரின் கதை மலையில் தொடங்குகிறது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு நீர் தரும் ஓடைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகளிலிருந்து வருகின்றன. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமான காடு அது. அந்த அணில் தரையிறங்காமல் கிளைக்குக் கிளை தாவி வாழ்வது, அதற்குத் தேவை ஓடைக்கரைகளில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் உயர்ந்த மரங்கள். அதே மரங்கள்தான் ஓடைக்கரையின் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. சமவெளியில் சீமைக்கருவேலத்தை வெட்ட ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த ஓடைக்கரைகளைக் காக்கவும், அணைக்குக் கீழே வைப்பாறு, அர்ச்சுனா நதிப் படுகையின் வரத்துக்கால்களைத் தூர்வாரவும் செலவிட்டால் கண்மாய்க்கு வரும் நீரின் அளவே மாறும்.

அகற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. தமிழக அரசு 2022-இல் வெளியிட்ட அயல் ஊடுருவு தாவரங்களுக்கான கொள்கை, அகற்றலோடு இயற்கைச் சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. தரைக்கு மேலே வெட்டினால் கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், கரிமூட்டம் போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கண்மாய் உள்வாய், வரத்துக்கால், கலுங்கு ஆகிய இடங்களில் முதலில் வேரோடு பெயர்க்க வேண்டும். கரம்பிலும் சாலையோரத்திலும் நிற்பவற்றைக் கரிமூட்டத் தொழிலாளருக்கு விட்டு வைக்கலாம். கோடையில் வேலையற்றுப் போகும் மானாவாரிக் குடும்பங்களுக்கு அதுவே கூலி. பெயர்த்த இடத்தை வெறுமனே விட்டால் ஆடுகள் தின்று கழித்த விதைகளும் மண்ணில் உறங்கும் விதைகளும் அடுத்த மழைக்கே முளைத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும் வாரங்களில் நாற்றுகள் கையாலேயே வந்துவிடும், தை பிறப்பதற்குள் வேர் இறங்கிவிட்டால் மண்வெட்டி வேண்டும், மறு ஆண்டு இயந்திரமே வேண்டும். இந்தக் களையெடுப்பைத் தொடர்ந்து சில ஆண்டுகள் செய்து, கரையில் நாட்டுக்கருவேலம், வேம்பு, புங்கன், பனை நட்டு நிழல் கூடினால், வெயிலை விரும்பும் சீமைக்கருவேலக் கன்றுகள் அங்கே தலையெடுப்பது கடினமாகிவிடும்.