குளிப்பாட்டும்போதே சொல்லுங்கள்

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. பாலியல் தொல்லை பற்றி எப்படிப் பேசுவது? பயந்துவிட மாட்டாளா?

பதில்: உட்காரவைத்துப் பாடம் நடத்தினால்தான் பயப்படுவாள். குளிப்பாட்டும்போது கை, கால் போலவே அந்தரங்க உறுப்புகளின் பெயரையும் கூச்சப்படாமல் சொல்லிக்கொடுங்கள். 'ஜட்டி மறைக்கிற இடத்தை யாரும் தொடக் கூடாது. டாக்டர் பார்த்தாலும் அம்மா பக்கத்தில் இருப்பேன்' என்றால் புரிந்துகொள்வாள்.

தொல்லை தருபவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். எனவே, 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று வற்புறுத்தாதீர்கள். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யார் சொன்னாலும், அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். சொல்லும்போது, 'அங்கே ஏன் போனே?' என்று அதட்டாமல், 'உன்மேல் தப்பில்லை' என்று அணைத்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு 1098 எண்ணை அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். அப்போது போலீஸார் சீருடையில் இருக்கக் கூடாது.