குளிர்கடல் நீந்தியோர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. மலைமீது அறப்பளீசுவரர் திருக்கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை என்னும் அருவி வீழ்கின்றது. ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகளில் இறங்கிச் சென்று அருவியை அடைவோர், உடல் வியர்வை அடங்குமுன்னே நீரில் தலையைக் கொடுப்பர். கொடுத்த அளவிலே மூச்சு ஒருகணம் அடைபட்டுப் பின்பு விரைந்து வாங்கும், மேனி சிலிர்க்கும், சிறிது பொழுதில் பற்கள் ஒன்றோடொன்று தாக்கும். விலகி வந்து துவட்டிக்கொண்டு வெயிலில் நின்றால் நடுக்கம் தீர்ந்துவிடும். ஆனால், ஒதுங்கக் கரையும் காய வெயிலும் இல்லாத கடலில், குளிர்ந்த நீரில், பத்து மணி நேரத்திற்கு மேலாக ஒருவர் நீந்த நேர்ந்தால் அவர் நிலை யாதாகும்? அவ்வாறு நீந்திக் கரை கண்டோரும் உளர்; காணாது மாய்ந்தோரும் உளர்.

மக்கள் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. அது 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் உடல் தன் தொழிலில் தளரும். நீரோ, காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. ஆகவே, காற்றில் இனிதாகத் தோன்றும் அதே குளிர்ச்சி, நீரில் கொடிதாகின்றது. குளிர்நீரில் இறங்கியவுடன் மூச்சுத் திணறுவது முதற்கேடு. சில நிமிடங்களில் அது தணியும். பின்னர், இதயம் முதலான உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் குருதி கைகால்களிலிருந்து பின்வாங்கும். விரல்கள் விறைத்து விரியும். நீரைத் தள்ளும் வலிமை குன்றும். உள்வெப்பமும் குறைந்துவிட்டால் அறிவு மயங்கும். இம்மயக்கமே எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது. ஏனெனின், மயங்கியவர் தாம் மயங்கியதை அறியார். நன்றாக நீந்துவதாகவே கருதுவர். இதனால் உடன்செல்லும் படகில் உள்ளோர், நீந்துவோர் நிமிடத்திற்கு எத்தனை முறை கைவீசுகின்றனர் என்று எண்ணிக்கொண்டே இருப்பர். எளிய வினாக்களைத் தொடுத்து விடை பெறுவர். விடை குழறினால் உடனே மேலேற்றுவதே கடமை. ஏற்றிய பின்னரும் சிறிது நேரம் உள்வெப்பம் மேலும் இறங்குவதுண்டு.

இத்துறையில் உலகம் உரைகல்லாகக் கொண்டிருப்பது ஆங்கிலக் கால்வாய். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அதன் குறுகிய அகலம் 21 மைல். கோடையிலும் அதன் நீர் 15 முதல் 18 பாகை அளவிலேயே இருக்கும். 1875 ஆகஸ்டு 24ஆம் நாள் மாத்யூ வெப் என்னும் மாலுமி உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு டோவரில் குதித்தார். மறுநாள் பிரான்சு நாட்டின் கலேயில் கரையேறினார். கடந்த நேரம் 21 மணி 45 நிமிடம். ஏற்றவற்றங்கள் அவரை இருபுறமும் இழுத்தமையால் 21 மைல் ஏறத்தாழ 39 மைலாயிற்று. அவருக்குப் பின் 36 ஆண்டுகள் மற்றொருவர் கடக்க இயலவில்லை. 1911இல் பர்கஸ் என்பவரே இரண்டாமவர் ஆனார். கடப்போர் வெப்பம் காக்கும் இரப்பர் உடை அணிதல் கூடாது; படகைத் தொடுதலும் கூடாது. சூடான உணவு நீர்மமும் கயிற்றிலோ கழியிலோ நீட்டப்படும். பூசும் கொழுப்பு உடலைச் சூடாக வைக்கும் என்று பலர் எண்ணுவர். அது தோல் உராய்ந்து புண்ணாகாமல் தடுப்பதற்கே பெரிதும் பயன்படுகின்றது. குளிருக்கு உண்மையான கவசம் தோலின்கீழ் உள்ள கொழுப்பும், நாள்தோறும் குளிர்நீரில் மூழ்கிப் பெற்ற பழக்கமுமே. 16 பாகைக்கு மிகாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டியவரையே இக்கடப்புக்கு ஏற்கும் வழக்கம் இதனால் எழுந்தது.

இந்தியருள் முதன்முதல் இக்கால்வாயைக் கடந்தவர் மிகிர் சென். பலமுறை தோற்றபின் 1958 செப்டம்பர் 27இல் அவர் வென்றார். மறு ஆண்டு வங்காளப் பெண் ஆரத்தி சாகா முயன்றார். 1959 ஆகஸ்டு 27ஆம் நாள் இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவு இருக்கையில் கடும் நீரோட்டம் மறித்தது. அவர் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. கரை கண்ணுக்கெட்டும் நிலையில் திரும்புவதற்கு, முன்னேறுவதினும் மிகுந்த உறுதி வேண்டும். செப்டம்பர் 29இல் மீண்டும் இறங்கிய அவர், 16 மணி 20 நிமிடம் நீந்திக் கரையேறி, அக்கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். அப்போது அவருக்கு வயது 19.

தமிழர் நீந்தப் பழகிய கடல் வேறு வகையினது. பாக்குநீரிணை வெதுவெதுப்பானது, அங்கே பகை குளிரன்று, நீரோட்டமும் சொறி மீனும் வெயிலுமே. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் அதனை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். வல்வெட்டித்துறை ஈன்ற வீரர் குமார் ஆனந்தன் 1971இல் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, உடனே திரும்பவும் நீந்தினார். இரண்டும் சேர்ந்து 51 மணி நேரம்! இரவும் பகலும் நீரிலேயே கிடந்த அவ்வாற்றலுக்கு ஈடு காண்பது அரிது. அத்தகையவரே 1984 ஆகஸ்டு 6இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். அதற்குக் குளிர் ஒன்றையே குற்றம் கூறுதல் முறையன்று. எனினும், வெதுவெதுப்பான நீரில் இரண்டு நாள் தாங்கிய உடலுக்கு அக்கால்வாய் முற்றிலும் புதிய களம் என்பதில் ஐயமில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. சிறுவர் உடல் பெரியோர் உடலினும் விரைவில் வெப்பத்தை இழப்பது. ஆயினும், தமிழ்நாட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன் என்னும் சிறுவர், தம் பன்னிரண்டாம் வயதில், 1994 ஏப்ரலில் பாக்குநீரிணையையும் ஆகஸ்டு 15இல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். அவ்வாண்டிலேயே ஆறு கடல்வழிகளை நீந்தி, 1966இல் மிகிர் சென் ஓராண்டில் ஐந்து கடல்வழிகளைக் கடந்து நாட்டிய எல்லையைத் தாண்டினார்.