நம்பிக்கைகளும் உண்மைகளும்: உடம்பு ஏறினால் வேகம் ஏறுமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் காரைக்குடிப் பக்கத்து மைதானங்கள் ஊறிக் கிடக்கும். பதினாறு, பதினேழு வயதில் வேகப்பந்து வீசும் பையன்களுக்கு அந்த மாதங்களில் பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: “ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்துப்பா, அடுத்த சீசனுக்குள்ள பத்துக் கிலோ கூடணும்.” சொல்பவர்கள் நல்லதை நினைத்தே சொல்கிறார்கள். கிரிக்கெட் ஆசை செட்டிநாட்டுக்குப் புதிதும் அல்ல. சேப்பாக்கம் மைதானம் தாங்கி நிற்பது கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரை. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது ‘காரைக்குடி காளை’ என்றே ஓர் அணி இறங்கியது. அந்த ஆசையோடு ஜிம்முக்குள் நுழையும் பையனிடம் சொல்லவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தசை அவனுக்குத் தேவைதான். ஆனால் தசை சில மாதங்களில் ஏறிவிடும். முதுகெலும்பு முற்ற ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியை மறந்து உடம்பை ஏற்றுகிறவர்கள்தான் வேகத்தையும் இழந்து, ஆட்டத்தையும் இழக்கிறார்கள்.

நம்பிக்கை 1: உடம்பு பெருத்தால் பந்து வேகமாகப் போகும்.

உண்மை: வேகம் பிறப்பது உடம்பின் பருமனில் அல்ல, ஓட்டத்தில் திரட்டிய வேகத்தைப் பந்துக்குக் கடத்தும் திறமையில். இங்கிலாந்தின் முன்னணி வேகப்பந்து வீச்சாளர்கள் 20 பேரை அளந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்களுடைய பந்து வேகத்தில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் 74 விழுக்காட்டை நான்கு கூறுகளே விளக்கிவிட்டன: ஓடிவரும் வேகம், முன்கால் ஊன்றும்போது முழங்கால் மடங்காமல் நிற்பது, மேலுடல் முன்னோக்கி வளையும் அளவு, வீசும் கை சற்றுத் தாமதித்துச் சுழல்வது. மார்பின் அகலமும் புஜத்தின் சுற்றளவும் அந்த நான்கில் இல்லை. அப்படியானால் தசைக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. முன்கால் மடங்காமல் நிற்கத் தொடையும் பிட்டமும் வலுவாக இருக்கவேண்டும். மேலுடலைச் சுண்டிவிட இடுப்பைச் சுற்றிய தசைகள் உறுதியாக இருக்கவேண்டும். ஆனால் கண்ணாடியில் தெரியும் மார்பையும் புஜத்தையும் மட்டும் மாதக்கணக்கில் வளர்த்த பையன், ஓடிவரும்போது சுமக்கவேண்டிய எடையைத்தான் கூட்டியிருக்கிறான். வேகம் ஒன்றே எல்லாம் என்பதும் உண்மையல்ல. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவரை அதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது யார்க்கர். அது ஆயிரக்கணக்கான பந்துகளின் பழக்கத்தில் வந்தது.

நம்பிக்கை 2: தசை ஏறிவிட்டால் காயம் வராது.

உண்மை: இளம் வேகப்பந்து வீச்சாளரின் வாழ்க்கையைப் பெரிதும் கெடுப்பது தசைப்பிடிப்பு அல்ல, கீழ்முதுகின் எலும்பில் உண்டாகும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். ஒரே அடியில் ஒடியும் முறிவு அல்ல இது. திரும்பத் திரும்ப வரும் சுமையில் எலும்பு களைத்து, மெல்லிய கீறல் விட்டு, பிறகு விரியும். முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விசை காலில் இறங்குகிறது. அதே நேரத்தில் முதுகு வளைந்து திரும்புகிறது. 60 கிலோ பையன் 68 கிலோ ஆகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மடங்கு என்றே கணக்கிட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் 40 கிலோ கூடுதல் விசை. ஒரு நாளில் 12 ஓவர் வீசினால் 72 பந்து, மொத்தம் 2,880 கிலோ. புதுத் தசை இந்தச் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் என்பது சரியே. சரியான இடத்தில், நிதானமாக ஏறிய தசை முதுகைக் காக்கும். ஆனால் எலும்பின் கணக்கு வேறு. சுமை கூடும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இடையில் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமாகவே இருக்கும். இருபதுகளின் நடுப்பகுதி வரை கீழ்முதுகின் எலும்பு முற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் காயம் 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் அறிமுகமான முதல் டெஸ்டிலேயே ஏழு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்டை அவர் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தைத் தின்றவற்றில் முதன்மையானது முதுகு. உலகின் சிறந்த மருத்துவமும் பயிற்சியும் கிடைத்த ஒருவருக்கே நிலை இது. நம் லட்சுமிபதி பாலாஜியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 2004 பாகிஸ்தான் பயணத்தில் இரு நாட்டு ரசிகர்களுக்கும் செல்லப்பிள்ளையானவர், முதுகெலும்பு முறிவால் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருந்தார். வீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பிவந்து, 2008-ல் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கைச் சேப்பாக்கத்தில் எடுத்தார். ஜஸ்பிரீத் பும்ராவும் முதுகுக்காக 2023-ல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவேண்டி வந்தது. இவர்களில் யாருக்கும் உடற்பயிற்சியில் குறைவில்லை. ஆக, தசை மட்டும் காப்பு ஆகாது. எத்தனை பந்து, எவ்வளவு இடைவெளி, எந்த வயது என்பவையும் சேர்ந்தே முதுகின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

நம்பிக்கை 3: ஓய்வு மாதங்களில்தான் முழு மூச்சாக உழைக்கவேண்டும்.

உண்மை: இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்க பேஸ்பால் காட்டிவிட்டது. பந்தெறியும் வீரர்களின் காயங்கள் பெருகுவது ஏன் என்று மேஜர் லீக் பேஸ்பால் நடத்திய ஆய்வின் அறிக்கை 2024 டிசம்பரில் வெளியானது. வேகத்தைத் துரத்துவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும் பெரிய காரணங்கள் என்றது அது. ஓய்வெடுக்கவேண்டிய மாதங்களிலும் உச்ச வேகத்திலேயே எறிந்து பயிற்சி எடுப்பதையும் சுட்டிக்காட்டியது. கிரிக்கெட்டில் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: மழை மாதங்களில் பந்தையே தொடாமல் ஜிம்மில் மட்டும் இருந்துவிட்டு, தை பிறந்ததும் புது உடம்போடு வாரம் முழுக்க வீசுவது. எலும்பு வீச்சுச் சுமைக்குப் பழகியிருக்காது, உடம்போ கனத்திருக்கும். வலியும் அன்றே வராது. ஆஸ்திரேலியாவில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாட்களில் காயம் கூடியதைக் கண்டது. இன்று தாங்கிய உடம்பு நாளையும் தாங்கும் என்று நம்ப இடமில்லை. அதனால் ஓய்வுக் காலத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் சில வாரங்கள் பந்துக்கு முழு ஓய்வு. பிறகு தொடை, பிட்டம், இடுப்பு, முதுகுக்கான வலுப் பயிற்சி. அதன் நடுவிலேயே வாரத்துக்கு இரண்டு நாள் குறைந்த ஓட்டத்தில் சில ஓவர்கள். வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டிப் போகலாம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நீண்டகாலம் கடைப்பிடித்த விதிப்படி, 15 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவருக்கு மேல் வீசக்கூடாது. அதே கணக்கை நம் பள்ளி மைதானங்களில் பின்பற்ற ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நம்பிக்கை 4: சின்ன வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்.

உண்மை: பல அம்மாக்களை உண்மையாகவே கவலைப்படுத்தும் இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. முறையாக வகுத்து, மேற்பார்வையோடு செய்யும் எடைப் பயிற்சியால் பிள்ளைகளின் உயரமோ வளர்ச்சித் தட்டுகளோ பாதிக்கப்படுவதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-ல் தெளிவுபடுத்தியது. காயம் வருவது தவறான முறையாலும், ஆள் இல்லாத நேரத்தில் பந்தயம் கட்டித் தூக்குவதாலும்தான். தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றுவது வீரத்தின் அடையாளமாக இருந்தது. வளரும் பையனுக்கு வேண்டியது அந்த ஒருநாள் வீரம் அல்ல. இலகுவான எடையில் முறையைப் பழகி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது ஏற்றுவதுதான் அவனுக்கு ஏற்றது. தொடக்க வாரங்களில் வலு கூடினாலும் தசை பெருக்காது. ஏற்கெனவே இருக்கும் தசையைச் சரியாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்ளும் காலம் அது. இதை அறியாத பையன் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து, குறுக்கு வழி தேடுகிறான்.

நம்பிக்கை 5: பவுடர் இல்லாமல் தசை ஏறாது.

உண்மை: எடைப் பயிற்சி செய்கிறவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு புரதம் போதும்; அதற்கு மேல் உண்பதால் தசை கூடுவதில்லை என்பது 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான முடிவு. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, நூற்றைம்பது கிராம் கோழிக்கறியில் 30, ஒரு கை வேர்க்கடலையிலும் ஒரு கை பொட்டுக்கடலையிலுமாக 15, மூன்று வேளை இட்லி, சோறு, பருப்பு, சாம்பாரில் 20-க்கு மேல். கணக்கு நிறைந்துவிடுகிறது. சைவ வீடு என்றால் ஐம்பது கிராம் மீல் மேக்கரில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. சுண்டலும் தயிரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்துக் கருப்பட்டியோடு கிளறும் நம் கும்மாயம், பயிற்சி முடித்துப் பசியோடு வரும் பையனுக்கு நல்ல உணவு. டப்பாவின் நிலைமையோ வேறு. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் லேபிளில் சொன்ன அளவு புரதம் சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. தசை வளர்க்கப் பவுடர் வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே ஆண்டு தன் உணவு வழிகாட்டியில் சொன்னது. ‘ஊசி போட்டால் மூன்றே மாதம்’ என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தை விட்டே வந்துவிடவேண்டும். ஸ்டீராய்டு வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடும். கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஊக்கமருந்து விதியில் தெரியாமல் உட்கொண்டேன் என்ற பதிலும் காப்பாற்றாது. பிரித்வி ஷாவுக்கு 2019-ல் எட்டு மாதத் தடை விழுந்தது இருமல் மருந்தில் இருந்த டெர்பூட்டலினால்.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. கபில்தேவ் எந்த ஜிம்முக்குப் போனார், காயத்தால் ஒரு டெஸ்டையும் தவறவிடவில்லையே என்பார்கள். உண்மைதான்; ஆனால் தாங்கி நின்ற ஒருவரை எல்லோருக்கும் அளவுகோலாக்க முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆடிய டென்னிஸ் லில்லியின் முதுகு 1973-ல் முறிந்தது. அவர் மீண்டு வந்தது விட்டுவிட்டு ஓய்வெடுத்ததால் மட்டும் அல்ல, திட்டமிட்ட உடற்பயிற்சியாலும்தான். பின்னாளில், 1987-ல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்தில் நம் பிள்ளைகளுக்கு அவரே கற்றுக்கொடுத்தார். இரண்டாவது வாதம் கனமானது: தேர்வு பதினாறு, பதினேழு வயதில் நடந்துவிடுகிறது, நிதானமாக வளரக் காலம் ஏது? தேர்வாளர் கண்ணில் படவேண்டிய அவசரம் புரிகிறது. ஆனால் மாதத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் புதியவர் உடம்பில் நல்ல தசை ஏறும். மூன்று மாதத்தில் பத்துக் கிலோ ஏறினால் அதில் பெரும்பகுதி கொழுப்பும் நீரும்தான். அந்த உடம்போடு தேர்வுக்குப் போவதால் வாய்ப்பு கூடுவதில்லை. முறிவோடு இரண்டு சீசன் உட்கார்ந்தால் வாய்ப்பே போய்விடுகிறது.

ஆகவே பயிற்சி தருபவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலத்தில் பையனின் எடையை மட்டும் குறித்து வைக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை பந்து வீசினான், இரவில் எட்டு மணி நேரமாவது தூங்கினானா, குனிந்து நிமிரும்போது கீழ்முதுகில் ஒரு பக்கம் வலிக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள். அந்த வலி இரண்டு வாரம் நீடித்தால் தைலம் தேய்த்து ஆடவிடாமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தொடக்கத்தில் பிடிபட்ட கீறல் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும்.