பழவேற்காட்டு மீனவரும் கணினியின் வடிகட்டியும்

வலையின் கண் எவ்வளவோ அதற்கேற்ற மீன்தான் அதில் தங்கும் என்பது பழவேற்காட்டுச் சிறுவரும் அறிந்த செய்தி. கணினியில் வடிகட்டி எனப்படுவதும் இத்தகைய ஓர் ஏற்பாடே. குவிந்து கிடக்கும் தகவல்களில் வேண்டியவற்றை நிறுத்தி, மற்றவற்றைப் போகவிடுவது அதன் வேலை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வலையில் தப்பிப்போனது எது என்பதை மீனவர் ஓரளவு ஊகித்துவிடுவார். திரையில் மறைக்கப்பட்டது எது என்பதை, அத்திரையே சொன்னாலன்றி, எவரும் அறியார். இவ்வடிகட்டியை மீனவர்க்கு ஏற்றவாறு திருத்தியமைப்பது எங்ஙனம் என்று கணினி அறிவியல் மாணவன் என்ற முறையில் நான் எண்ணிப் பார்த்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

முதலில், வடிகட்டப்படும் பொருள் யாது எனக் காண்போம். 1999ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளந்தனுப்பும் கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு மீன் கூடும் இடங்களைக் கணிக்கிறது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் கூடுமிடத்தில் நுண்ணிய தாவரங்கள் பெருகும். அவற்றை நாடி மீன் வரும் என்பதே கணக்கு. இதனை ஒவ்வோர் இறங்குதளத்திற்கும் திசை, பாகை, கிலோமீட்டரில் தூரம், மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எனப் பட்டியலாக வெளியிடுகிறார்கள். அலையின் உயரம், காற்றின் வேகம் பற்றிய முன்னறிவிப்புகளும் உண்டு. சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்னும் செயலி இச்செய்திகளைத் தமிழிலும் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது.

இத்தகைய பட்டியலுக்கு வடிகட்டல் திரை அமைப்பது எங்கள் ஆய்வக வகுப்பில் ஒரு பயிற்சி. மாதிரியாகத் தரப்பட்ட திரையில் மாநிலம், மாவட்டம், இறங்குதளம், நாள், தூரம், ஆழம் என ஆறு கட்டங்கள் இருந்தன. அடியில் 'தேடுக' என்றொரு பொத்தான். அதைக் கோட்டைக்குப்பத்திலுள்ள என் தாய்மாமனிடம் காட்டினேன். பொறுமையாக ஆறையும் நிரப்பினார். 'முடிவுகள் இல்லை' என்று வந்தது.

"ஏன் மாப்ள, இல்லேன்னு போட்டிருக்கே, மீன் இல்லேன்னு அர்த்தமா, காத்து இல்லேன்னு அர்த்தமா?" என்றார்.

நல்ல கேள்வி. வெற்றுத்திரைக்குக் காரணங்கள் பல. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன்வளக் கணிப்பு வெளியிடப்படுவதில்லை. கடல் கொந்தளிப்பாக இருக்கும்போதும் அப்படியே. அல்லது நேற்றுத் தெரிவு செய்த ஆழம் இன்றும் நீக்கப்படாமல் இருக்கலாம். கொந்தளிப்பால் வந்த வெறுமையை ஒருவர் அமைதி என்று படித்துவிட்டால் விளைவு யாதாகும்? கணினி தன் நிலையைப் பயன்படுத்துவோர்க்குப் புலப்படுத்த வேண்டும் என்பது யாகோப் நீல்சன் 1994இல் வகுத்த பத்து நெறிகளுள் முதலாவது. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன்; அதன் பொருள் மாமாவின் கேள்வியில்தான் விளங்கிற்று.

ஆகவே நான் தாளில் வரைந்த புதிய திரையில் எச்சரிக்கைகளுக்கு வடிகட்டியே இல்லை. என்ன தெரிவு செய்தாலும் அவை உச்சியில் நிற்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட குமரி, கேரள மீனவர் பலர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை. அது வடிகட்டியால் நேர்ந்ததன்று. எனினும் கையில் வந்து சேர்ந்த எச்சரிக்கையைத் திரையே மறைப்பதை எப்படி ஒப்புவது? வெறுமை வந்தால் அதன் காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் செய்தேன்: 'மேகமூட்டம், இன்று கணிப்பு இல்லை' என்பது போல.

அடுத்து, கேள்விகளின் வரிசை. பழவேற்காட்டில் படகை எடுப்பவர் மாநிலத்தையும் மாவட்டத்தையும் எண்ணுவதில்லை. ஏரிக்கா, கடலுக்கா என்பதே முதற்கேள்வி. செயற்கைக்கோள் தரும் கணிப்பு கடலுக்குரியது. ஏரியில் இறாலும் நண்டும் பிடிப்பவர்க்கு அதனால் பயனில்லை. எனவே அக்கேள்வியை முதலில் வைத்தேன். இறங்குதளத்தை ஒருமுறை சொன்னால் போதும், கைப்பேசி நினைவில் கொள்ளும். தூரத்தை டீசல் முடிவு செய்கிறது. ஆதலால் அதற்கு ஒரு நகர்த்துகோல். அதை நகர்த்த நகர்த்தப் பட்டியல் உடனே சுருங்கி விரியும்; 'தேடுக' பொத்தான் வேண்டியதில்லை. இம்முறை புதிதன்று. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர் 1992இலேயே வீடு தேடும் நிரல் ஒன்றில் இதைச் செய்து காட்டினர். ஆழத்தை மீட்டரோடு பாகத்திலும் எழுதினேன். இரு கைகளை விரித்த அளவு ஒரு பாகம், ஏறத்தாழ 1.8 மீட்டர், 30 மீட்டர் என்றால் 16 பாகத்துக்குச் சற்று அதிகம் என்று சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பு அறுந்துபோகும். 2019இல் அறிமுகமான 'ஜெமினி' கருவி செயற்கைக்கோள் வழியே செய்தி பெற்றுக் கைப்பேசிக்குத் தரும். மீனவரிடமிருந்து மறுமொழி அதன் வழியே போகாது. கருவி இல்லாதவர் கரையில் பெற்ற பட்டியலையே நம்ப வேண்டும். அதனால் 'காலை 5 மணிக்குப் பெற்றது' என நேரமும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் முறை திரையைக் கண்ட மாமா இரண்டு செய்திகளைக் கேட்டார். ஒன்று, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்கள்; அந்நாட்களில் கடலின் குறிப்பிட்ட பகுதிக்குச் செல்லத் தடை உண்டு. அதை எச்சரிக்கையோடு சேர்த்துவிட்டேன். மற்றொன்று பாடு. ஏரியில் எவர், எந்நாள், எவ்விடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி ஊரார் முடிவு செய்யும் பழைய முறை அது. உண்மையில் அதுவும் ஒரு வடிகட்டியே, கணினிக்கு முந்தையது! ஏரி என்பதைத் தெரிவு செய்தால் அன்றைய பாடு வரவேண்டும் என்பது மாமாவின் விருப்பம். கட்டம் வரைந்துவிட்டேன். ஆனால் பாட்டு வரிசை ஊரின் சொத்து. அதைக் கணினியில் ஏற்றலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்பதாக மாமா சொல்லியிருக்கிறார். அதுவரை அக்கட்டம் வெறுமையாக இருக்கும், 'ஊர் முடிவு செய்யவில்லை' என்ற வரியோடு.