பத்து நீர்த்தூவிகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிகளுடன் நின்ற ஒன் மெரிடியன் பிளாசா என்னும் அலுவலகக் கட்டடத்தின் 22ஆம் மாடியில், 1991 பிப்ரவரி 23ஆம் நாளிரவு தீ மூண்டது. மரவேலைக்குப் பயன்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தாமே கனன்றமையே காரணம்.

தீயணைப்போர் விரைந்து ஏறினர். ஆயினும் நீர் விசையுடன் பாயவில்லை. அழுத்தக் குறைப்பு வால்வுகள் பிழையாக அமைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சோதித்து ஒப்புதல் தருவது தொழிலறிந்தோர் கடனன்றோ? தீ மூண்டபின் அதனைச் செய்தல் அரிது. வீரர் மூவர் மாண்டனர்.

எட்டு மாடிகளை எரித்த நெருப்பு 30ஆம் மாடியில் அடங்கிற்று. அங்கு வாடகைக்கிருந்தோர் முன்னரே நீர்த்தூவிகளைப் பொருத்தியிருந்தனர். நீர்த்தூவிகள் அனைத்தும் ஒருங்கே திறந்து உடைமைகளை நனைத்துவிடும் என அஞ்சுவோர் உளர். உண்மையில் வெப்பம் எட்டியவை மட்டுமே திறக்கும். அன்று திறந்தவை பத்தே.

கட்டிய காலத்தில் சட்டம் கேட்கவில்லை என்பதே கீழ்மாடிகள் பலவற்றில் அவை இல்லாமைக்குக் காரணம். பழைய உயர் அலுவலகக் கட்டடங்களிலும் நீர்த்தூவிகளைப் பொருத்த வேண்டுமென்று அந்நகர் விதித்தது இத்தீக்குப் பின்னரே.