கடல் காற்றாலையும் கணினிக் கணக்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலில் நிறுவப்படும் காற்றாலையின் இறக்கை, கோபுரம், கடலடித் தூண் ஆகியவற்றின் மீது என்னென்ன விசைகள் விழும் என்பது, கட்டுமானம் தொடங்கும் முன்பே கணினி சிமுலேஷன் மூலம் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவின் ஓப்பன்ஃபாஸ்ட், டென்மார்க்கின் ஹாக்2 ஆகியவை இதற்குப் பயன்படும் மென்பொருள்கள்.

நம்பிக்கை 1: காற்றின் விசையையும் அலையின் விசையையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் போதும்.

உண்மை: இரண்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. அலை மோதிக் கோபுரம் காற்றை எதிர்த்துச் சாயும்போது, சுழலும் இறக்கைகள் மீது காற்று கூடுதல் வேகத்தில் படுகிறது. அது கோபுரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தணிக்கிறது. பழுதாகி நிற்கும் காற்றாலையில் இந்தத் தணிப்பு பெரும்பாலும் கிடைக்காது. அதே அலை அதைக் கூடுதலாக ஆட்டும். ஆகவே காற்று, அலை, மண், கட்டுப்பாட்டமைப்பு ஆகிய நான்கும் ஒரே கணக்கில், நொடியின் சிறு பகுதிகளாக, சேர்த்தே தீர்க்கப்படுகின்றன.

நம்பிக்கை 2: தாங்கும் அமைப்பு எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது.

உண்மை: அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், எங்கே விழுகிறது என்பதே முக்கியம். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலை நிமிடத்துக்கு 6.9 முதல் 12.1 சுற்று வரை சுழலும். உச்ச வேகத்தில் சுழற்சியின் அதிர்வெண் சுமார் 0.2 ஹெர்ட்ஸ். குறைந்த வேகத்தில் மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடப்பதன் அதிர்வெண் சுமார் 0.35 ஹெர்ட்ஸ். இந்த இரண்டுக்கும் இடையில் இயல்பு அதிர்வெண் அமைந்தால் ஒத்ததிர்வு தவிர்க்கப்படும். புயல் அலைகள் 0.1 ஹெர்ட்ஸ் அளவில் வருவதால் அவையும் விலகி நிற்கும். அதற்கு மேலும் விறைப்பைக் கூட்டினால் எஃகுச் செலவு ஏறும். மேல் எல்லையில் முட்டும் அபாயமும் உண்டு.

நம்பிக்கை 3: பெரும்புயலைத் தாங்கினால் போதும்.

உண்மை: நிமிடத்துக்கு 10 முறை இடைவிடாது சுழன்றால் ஆண்டுக்கு 50 லட்சம் சுற்றுக்கு மேல் ஆகிறது, 20 ஆண்டில் அது 10 கோடியைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றும் பற்றவைப்பு இணைப்புகளில் சிறு சோர்வைச் சேர்க்கிறது. அதனால் வழக்கமான காற்று, அவசர நிறுத்தம், மின்கட்டமைப்புத் துண்டிப்பு, புயல் என ஒவ்வொரு நிலைக்கும், பெரும்பாலும் 10 நிமிட அளவில், ஆயிரக்கணக்கான சிமுலேஷன் ஓட்டங்கள் தேவைப்படுகின்றன.

நம்பிக்கை 4: கணினி காட்டுவது அப்படியே கடலில் நடக்கும்.

உண்மை: சர்வதேச எரிசக்தி முகமையின் ஓசி3 திட்டம் பல மென்பொருள்களின் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. பின்வந்த ஓசி5 அவற்றை அளவீடுகளுடன் ஒப்பிட்டது. மிதக்கும் மேடை ஒன்றின் சிறு மாதிரியைத் தொட்டியில் சோதித்தபோது, மென்பொருள்கள் விசைகளைச் சராசரியாக 20 விழுக்காடு அளவில் குறைத்துக் காட்டின. அலைகள் தூண்டும் மெதுவான ஆட்டத்தைக் குறைவாக மதிப்பிட்டது அதற்கு முக்கியக் காரணம். மண் பற்றிய கணக்கில் பிழை மறுதிசையில், அமைப்பை உண்மையைவிட நெகிழ்வாகக் காட்டும் பக்கம், இருந்தது. எண்ணெய்த் தளங்களின் ஒல்லியான தூண்களுக்கு உருவான முறை, காற்றாலைகளின் பருத்த ஒற்றைத் தூணைச் சுற்றிய மண்ணின் விறைப்பைக் குறைத்தே மதிப்பிட்டது. இங்கிலாந்தின் கௌடன் களிமண்ணிலும் பிரான்சின் டன்கர்க் மணலிலும் பீசா என்ற ஆய்வுத் திட்டம் நடத்திய களச் சோதனைகளிலிருந்து அதற்குப் புதிய முறை பிறந்தது.