காவல் மாறும் வேளையில் கவனம்

நள்ளிரவிலும் பணம் அனுப்பும் வசதி இன்று எல்லோருக்கும் பழகிவிட்டது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் ஆண்டு முழுவதும் இரவு பகல் பாராமல் இயங்குகின்றன. கிளையின் கதவு மாலையில் அடைபட்டாலும் சர்வர்களுக்கு ஓய்வில்லை. அவற்றைக் காவல் காப்பதற்கென்றே தனி மென்பொருள் உண்டு. அதனைப் புதிய வன்பொருளுக்கு மாற்றும் முறையை இவ்விதழில் காண்போம்.

காவலின் இயல்பு

கண்காணிப்பு மென்பொருள் எந்தப் பணப் பரிமாற்றத்தையும் செய்வதில்லை. குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு சர்வரையும் நலம் விசாரிப்பதே அதன் பணி. வட்டில் இடம் உள்ளதா, தரவுத்தளம் உரிய நேரத்தில் விடை தருகிறதா, ஏடிஎம் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று அது வினவும். விடை தாமதமானால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை செல்லும். நாகியோஸ், ஸாபிக்ஸ் ஆகியவை இவ்வகையில் பலரும் அறிந்த மென்பொருள்கள்.

இம்மென்பொருள் இயங்கும் கணினியும் முதுமை அடையும். உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதாகும். அப்போது மாற்றம் தவிர்க்க இயலாதது. இங்கேதான் ஒரு நுட்பமான இடர் ஒளிந்துள்ளது. எச்சரிக்கை எதுவும் வராத மௌனத்திற்கு இரு பொருள்கள் உண்டு. எல்லாம் நலம் என்பது ஒன்று. காவலே உறங்கிவிட்டது என்பது மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

மாற்றத்தின் படிகள்

முதலாவது, கணக்கெடுப்பு. பெட்டகச் சாவியை ஒப்படைக்கும்போது ரொக்கத்தை எண்ணிச் சரிபார்த்துக் கையொப்பம் இடுகிறோம் அல்லவா? அதுபோலப் பழைய காவலின் கீழிருந்த ஒவ்வொரு சர்வரும் புதிய பட்டியலில் இடம்பெற்றுள்ளதா என்று ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பழைய பதிவுகள். சம்பளம் வரவாகும் நாளில் சுமை உயர்வது இயல்பு. இதனை முந்தைய பதிவுகளைக் கொண்டே அறிய முடியும். ஆனால் எல்லாக் கோப்புகளையும் அப்படியே நகலெடுக்க இயலாது. 32 பிட் கணினியில் உருவான ஆர்ஆர்டி கோப்பு 64 பிட் கணினியில் திறக்காது. அதனை எக்ஸ்எம்எல் வடிவுக்கு மாற்றி எடுத்துச்சென்று, அங்கு மீண்டும் உரிய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. பாதுகாப்புக் கருதி, சர்வர்கள் தமக்குத் தெரிந்த முகவரியிலிருந்து வரும் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கும். புதிய கணினியின் முகவரியை ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

நான்காவது, இணை ஓட்டம். கிளைகள் கணினிமயமான காலத்தில் கைப்பேரேடும் கணினிப் பேரேடும் சில காலம் இணையாக எழுதப்பட்டன. இரண்டின் இருப்பும் ஒத்துவந்த பின்னரே கைப்பேரேடு மூடப்பட்டது. இங்கும் அதே நெறிதான். பழையதும் புதியதும் ஒருங்கே கண்காணிக்க, எச்சரிக்கை அனுப்பும் பொறுப்பு மட்டும் ஒன்றிடம் இருக்கும்.

ஐந்தாவது, சோதனை. சோதனைக்கென வைத்துள்ள ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, எச்சரிக்கை உரியவரின் கைக்குச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் தேறாத காவலைப் பணியில் அமர்த்தலாகாது. மேலும், காவலையே கண்காணிக்கும் மற்றொரு கணினி வேறிடத்தில் இருத்தல் நலம்.

வாடிக்கையாளர் அறிய வேண்டியது

கண்காணிப்பு மென்பொருளின் மாற்றத்தால் உங்கள் இருப்பில் ஒரு ரூபாயும் மாறாது. ஆயினும் பழுது கண்டறியப்படத் தாமதமானால், தோல்வியுறும் பரிவர்த்தனைகள் பெருகக்கூடும். அதற்கும் காப்பு உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையின்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் தொகை திரும்ப வரவாக வேண்டும். யுபிஐ வழியாக ஒருவருக்கு அனுப்பிய தொகை அவர் கணக்கில் சேராவிடில் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நீங்கள் முறையிடும்வரை காத்திராமல் வங்கியே அதனை வழங்க வேண்டும்.

எனவே பரிவர்த்தனை எண்ணையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். பராமரிப்பு நேரம் குறித்த அறிவிப்பு வந்தால், அவசரத் தொகையை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அவ்வேளையில் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டு எவரேனும் அழைத்தால் உடனே துண்டியுங்கள். சர்வர் மாற்றத்திற்காக வங்கியினராகிய நாங்கள் அவற்றை ஒருபோதும் கேட்பதில்லை.